நேரமிருப்பின் இசை

இசையை ஒலியின் பிடியிலிருந்து விடுவித்த பெருமை ஜெர்மனியின் ஹம் நகரத் தமிழர்களையே சாரும். ஐரோப்பா முந்நூறு ஆண்டுகளாக எண்ணிப் பார்க்காத காரியம் இது. வியன்னாவில் வாசித்தார்கள், மிலானில் வாசித்தார்கள். வாசிக்காமலே விடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நாங்கள் அதை ஒரே மாலையில் செய்து முடித்தோம். அந்த மாலையை வடிவமைத்தவன் நான். எனக்கு இயல்பாகவே அடக்கம் அதிகம் என்பதால் இதை வேறு யாரும் எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

நான் ஹம் தமிழர் பண்பாட்டு ஒன்றியத்தின் செயலாளர். வெதுப்பகத் தொழிற்சாலையில் பாண் சுடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நிறைய வாசிப்பவன். பாரிஸிலிருந்து வெளிவரும் ஒரு மாத இதழுக்கு ஜெர்மனிச் செய்தியாளனும்கூட. ஆனால் சனம் என்னை அறிந்திருப்பது கல்வெட்டு எழுதுபவனாகத்தான். எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கப்படி ஒருவர் காலமானால், முப்பத்தோராம் நாள் அவருடைய வாழ்க்கையைச் சிறு நூலாக அச்சடித்து வந்தவர்களின் கையில் கொடுப்பார்கள். அந்த நூலுக்குப் பெயர் கல்வெட்டு. இந்தப் பகுதியில் யார் கண்ணை மூடினாலும் குடும்பத்தார் முதலில் மருத்துவரையும் அடுத்து என்னையும் அழைப்பார்கள். அவசரத்தில் என்னை முதலில் அழைத்துவிட்டு, "அண்ணை, இன்னும் கொஞ்சம் மூச்சு இருக்காம், பிறகு எடுக்கிறம்" என்று வைத்தவர்களும் உண்டு.

என் எழுத்தில் இதுவரை ஒரு கெட்டவர்கூடக் காலமானதில்லை. மனைவியோடு பத்து வருடம் பேசாதவர் என் கையில் "அளந்து பேசும் பண்பாளர்" ஆனார். வேலைக்கே போகாதவர் "குடும்பத்தோடு நேரம் செலவழிப்பதை விரும்பியவர்" ஆனார். இப்படிப்பட்ட ஒருவனிடம்தான் ஒராட்சியோ பெல்காரோ வந்து சேர்ந்தார்.

பெல்காரோ இத்தாலி நாட்டு இசையமைப்பாளர். கிரெமோனாவில் பிறந்து, இங்கிருந்து ரயிலில் அரைமணி தூரத்திலுள்ள ஒரு குட்டிக் கோட்டையில் ஒரு குட்டி இளவரசனுக்குச் சங்கீதம் எழுதிக் கொடுத்து, அங்கேயே காலமானவர். இந்த வருடம் அவர் இறந்து இருநூற்றைம்பதாவது வருடம். முப்பத்தோராம் நாள் சற்றுத் தள்ளிப்போய்விட்டது என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

அவரை அழைத்து வந்தவர் ஜசிந்தா. முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் ஓர்கன். கீபோர்ட் வாசிக்கும் அவர், வயலின் வாசிக்கும் துஷானி, செல்லோ வாசிக்கும் கமலநாயகி என மூன்று பெண்களாக ஒரு குழு வைத்திருந்தார்கள். இதில் கமலநாயகி என் மனைவி. ஐம்பத்திரண்டு வயதில் அவருக்குச் செல்லோ வந்தது. அந்த வயதில் மற்றவர்களுக்கு முழங்கால் வலி வருகிறது, ஆகவே நான் முறையிடவில்லை.

மூவரும் எங்கள் அடுக்குமாடியின் சலவை அறையில்தான் வாசித்துப் பழகினார்கள். வாரம் தவறாமல், வேலை விட்டு வந்த உடுப்போடு. சலவை இயந்திரம் பிழியும் வேகத்துக்கு எழும்பும்போது மூவரும் வாசிப்பதை நிறுத்தி, அது ஓயும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து பிடிப்பார்கள். உலகின் பெரிய சபாக்களில்கூட இத்தனை கட்டுப்பாடு இல்லை என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் முறைப்பாடு செய்தார். மாதக் கடைசியோடு சலவை அறையில் சலவை மட்டும்தான் என்று வீட்டு நிர்வாகம் சொல்லிவிட்டது.

அப்போதுதான் லிண்டன்ஹோஃப் இல்லத்தில் வியாழக்கிழமை மாலைகளுக்கு ஒரு அறை காலியானது. அது ஒரு சிறு அறக்கட்டளை நடத்தும் பண்பாட்டு இல்லம். அந்த அறையில் ஒரு நல்ல பியானோ இருந்தது. பல குழுக்கள் கேட்டதால், கேட்கிற ஒவ்வொரு குழுவும் ஒரு மாலை நிகழ்ச்சி நடத்திக் காட்ட வேண்டும், பார்த்துவிட்டு முடிவு சொல்வோம் என்றார்கள். இன்னொரு நிபந்தனையும் இருந்தது. விண்ணப்பம் பதிவு செய்யப்பட்ட ஒரு சங்கத்தின் பேரில்தான் வர வேண்டும். அறக்கட்டளையைச் சேர்ந்த ஃபிராவ் ஓவர்பெக் அம்மையாருக்கு பெல்காரோவில் பிரியம். ஜசிந்தாவின் குழு ஏற்கெனவே பழகிக்கொண்டிருந்ததும் பெல்காரோவின் கடைசிப் படைப்பான மூவர் இசைதான். எல்லாம் பொருந்தி வந்தது. ஜசிந்தாவுக்கு ஒரேயொரு சங்கம் தேவைப்பட்டது.

அவர் எங்களிடம் வந்தார். கையொப்பம் கேட்டுத்தான் வந்தார். நாங்கள் விழாவாகவே எடுத்துக்கொண்டோம்.

ஒன்றியத்தின் தலைவர் தம்பித்துரை அண்ணை. எதையும் பெரிதாகச் செய்பவர். மூன்று பெண்கள் பன்னிரண்டு நிமிடம் வாசித்துவிட்டு இறங்குவது ஒரு இனத்தின் மானப் பிரச்சினை என்று அவர் கருதினார். ஓர் இத்தாலியரை நாம் கௌரவிக்கும் முறையைப் பார்த்து இத்தாலியே வெட்கப்பட வேண்டும் என்றார். செயற்குழு எழுந்து நின்று ஆமோதித்தது. பெல்காரோவின் வாழ்வும் பணியும் குறித்த சிறப்புரை என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. கோட்டை அருங்காட்சியகம் வெளியிட்ட ஜெர்மன் நூலை ஜசிந்தா படித்துப் படித்து எனக்குச் சொன்னார். சலவை அறையில், இயந்திரத்தின் மேல் குறிப்பேட்டை வைத்து எழுதிக்கொண்டேன். விரைவிலேயே ஒரு பெரும் சிக்கலில் போய் முட்டினேன்.

"அண்ணை, அவர் கலியாணம் கட்டேல்லை."

"கட்டேல்லையோ? அப்ப மருமக்கள்?"

"கட்டாத ஆளுக்கு மருமக்கள் எங்கால?"

"சகோதரங்களின்ர பிள்ளையளாவது இருப்பினமே. கூடப்பிறந்த ஆக்கள் ஆர்?"

"லுக்ரேசியா எண்டு ஒரு தமக்கை. அண்ணை, இது இப்ப முக்கியமில்லை. அவற்ற இசையப் பற்றி நாலு பக்கம் இருக்குது, அதைச் சொல்லட்டே?"

"பொறு பிள்ளை. தமக்கையின்ர மனுசன் என்ன வேலை?"

ஜசிந்தா நூலை மூடினார். பராமரிப்பு வேலையில் இருப்பவர்களுக்கு உரிய பொறுமையோடுதான் மூடினார்.

"அண்ணை, எங்களுக்குப் பன்னிரண்டு நிமிசம் வேணும். வேற ஒண்டும் வேண்டாம். அந்த அறை கிடைக்காட்டி நாங்கள் இதோட விட வேண்டியதுதான். அதை மட்டும் நினைவில வைச்சிருங்கோ."

"பன்னிரண்டென்ன, பதினைஞ்சு எடுங்கோ" என்றேன். இரண்டாவது தடவை யோசிக்காமல் அள்ளிக் கொடுப்பது என் சுபாவம்.

இசையைப் பற்றிய அந்த நான்கு பக்கங்களை நான் கேட்கவில்லை. பெல்காரோவின் ஒரு சுரத்தைக்கூட அன்றுவரை கேட்டதில்லை. கல்வெட்டு எழுதுபவன் சவப்பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை.

நிகழ்ச்சி நிரலை நானே தயாரித்தேன். மங்கள விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, இரண்டு ஆசியுரைகள், மூன்று வாழ்த்துரைகள், பிரதம விருந்தினர் உரை, சிறப்புரை, கௌரவிப்பு, நன்றியுரை. நன்றியுரைக்கு மேலே ஒரு வரியில் "இசை (நேரமிருப்பின்)" என்று சேர்த்தேன். அடைப்புக்குறி என் யோசனை அல்ல. எங்கள் நிரல்கள் எல்லாவற்றிலும் பரம்பரையாக வருவது அது.

விழா ஐந்து மணிக்கு. லிண்டன்ஹோஃப் இல்லத்தின் மண்டபம் எட்டு மணிக்குத் தானாகப் பூட்டிக்கொண்டு எச்சரிக்கை மணியை இயக்கிவிடும் என்று இல்லக் காவலர் மூன்று முறை சொல்லியிருந்தார். ஜெர்மனியர்களுக்கு ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பழக்கம் உண்டு.

ஃபிராவ் ஓவர்பெக் ஐந்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாக வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். ஆகவே ஐந்துக்கே தொடங்கினோம். மண்டபத்தில் தீப்பற்ற வைக்கத் தடை என்பதால் மின்கலத்தில் எரியும் குத்துவிளக்கு வாங்கியிருந்தோம். அதற்கு ஐந்து முகம், எங்களுக்கு ஐந்து பிரமுகர்கள். ஆனால் பொத்தானை அழுத்தினால் ஐந்து முகமும் ஒன்றாக எரிந்தன. முதலாமவர் முழு விளக்கையும் ஏற்றிவிட்டால் மற்ற நால்வரின் கதி என்ன? எனவே ஒவ்வொருவருக்காகவும் விளக்கை நூர்த்து நூர்த்து ஏற்றினோம். அணைந்த விளக்கு அபசகுனமாகிவிடாமல் இருக்கச் சபை கைதட்டியது. ஆறு மணிக்குச் சனம் நிறைந்தபோது, வந்தவர்கள் பார்க்கவில்லையே என்று இன்னொரு முறை ஏற்றினோம்.

மேடையின் ஓரத்தில் மூன்று பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஜசிந்தா சேலை உடுத்தியிருந்தார். துஷானி மருந்தகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார். கமலநாயகி முழங்கால்களுக்கிடையில் செல்லோவை அணைத்தபடி, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவர்போல ஒரு பார்வையோடு இருந்தார். வாத்தியங்களைச் சுருதி சேர்த்துவிட்டுத்தான் காத்திருந்தார்கள். வாழ்த்துரைகளுக்கிடையில் சுருதி இறங்கிவிட, மறுபடி மெல்லச் சேர்த்தார்கள். தம்பித்துரை அண்ணை திரும்பி, "பிள்ளையள், பேச்சு நடக்குது" என்று அன்போடு நினைவூட்டினார்.

பிரதம விருந்தினர் ஆஹெனிலிருந்து வந்த கோவிந்தராஜன். சென்னைக்காரர், மென்பொருள் பொறியாளர். சின்ன வயதில் வீணை கற்றவர் என்று யாரோ சொன்னதால் அழைத்தோம். கற்றவர் அவருடைய அக்கா என்பது மேடையில்தான் தெரிந்தது. ஆனாலும் அவர் சளைக்கவில்லை. பெல்காரோவின் படைப்புகள் அனைத்தையும் செயற்கை நுண்ணறிவுக்குக் கொடுத்து, எந்த இடத்தில் கேட்பவருக்கு எவ்வளவு துக்கம் வரும் என்று வரைபடம் தயாரித்திருந்தார். திரையில் ஒரு சிவப்புக் கோடு ஏறி இறங்கியது.

"ஆக்சுவலா சார், இந்த லாஸ்ட் டிரியோவுல செவன்த் மினிட்ல பீக் சாட்னெஸ் வருது பாருங்க. அதனால முழுசாக் கேக்கணும்னு அவசியமே இல்ல. சம்மரி இருக்கு, வாட்ஸ்அப்ல அனுப்பிடறேன்."

சபை ஏழாவது நிமிடத்தின் துக்கத்தைத் திரையில் பார்த்து உச்சுக் கொட்டியது. இசை ஒலியிலிருந்து விடுபடத் தொடங்கிய கணம் அதுதான் என்று வருங்கால ஆய்வாளர்கள் குறித்துக்கொள்ளலாம்.

பிறகு நான் எழுந்தேன். எனக்கு இருபது நிமிடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஒதுக்கியவன் நான் என்பதால் அந்த வரம்பை மீறும் அதிகாரமும் என்னிடமே இருந்தது.

"இத்தாலி கிரெமோனாவைப் பிறப்பிடமாகவும், ஜெர்மனி வெஸ்ட்ஃபாலியாவை வதிவிடமாகவும் கொண்ட அமரர் ஒராட்சியோ பெல்காரோ அவர்கள், காலஞ்சென்ற பாண் வணிகர் பெல்காரோ தம்பதிகளின் ஏக புத்திரனும், லுக்ரேசியாவின் பாசமிகு தம்பியும் ஆவார்" என்று தொடங்கினேன். மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பின்வரிசையில் இரண்டு பேர் செருப்பைக் கழற்றினார்கள். அவர் "சிறு வயதிலேயே பெரியோரை மதிப்பவர்" என்றேன். "விருந்தினரைச் சாப்பிடாமல் அனுப்பாதவர்" என்றேன். அந்தக் காலத்தில் அவருக்கே சாப்பாடு இருந்ததா என்று தெரியாது. ஆனால் அந்த வாக்கியம் இல்லாமல் நான் யாரையும் அனுப்பி வைத்ததில்லை.

கடைசிப் பகுதிக்கு வந்தபோது என் குரல் உடைந்தது. இளவரசனின் அவையில் பெல்காரோ வாசிக்கும்போதெல்லாம் பிரபுக்கள் தின்றுகொண்டும் பேசிக்கொண்டும் இருந்தார்கள். அவர் ஒரு படைப்பை எழுதினார். இதையாவது ஒரு முறை பேசாமல் கேளுங்கள் என்று இளவரசனிடம் கெஞ்சினார். இளவரசன் ஒரு மாலையைக் குறித்துக் கொடுத்தான். அந்த மாலை பிரபுக்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து இளவரசனை வாழ்த்திப் பேசினார்கள். பேசினார்கள், பேசினார்கள், மெழுகுவர்த்திகள் எரிந்து தீரும்வரை பேசினார்கள். பெல்காரோ தாள்களைச் சுருட்டிக்கொண்டு போனார். அந்தப் பனிக்காலத்திலேயே காலமானார். அந்த மூவர் இசையை அவர் தன் காதால் கேட்கவே இல்லை.

"அந்தப் பாவிகளுக்குப் பன்னிரண்டு நிமிடம் வாயை மூடி இருக்க முடியவில்லையா?" என்று கேட்டு, மேசையில் கையால் அடித்து, அழுதேன். சபை அழுதது. தம்பித்துரை அண்ணை சால்வையால் கண்ணைத் துடைத்தார். கோவிந்தராஜன் தன் வரைபடத்தைச் சரிபார்த்தார். மேடை ஓரத்தில் ஜசிந்தா தன் மணிக்கட்டைத் தூக்கிக் கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார். நேரம் போவது தெரியாமல் கேட்கிறோம் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அந்த உற்சாகத்தில் பிரபுக்களின் கொடுமையை இன்னும் கொஞ்சம் விரித்துரைத்தேன்.

நான் அமர்ந்தபோது எட்டு மணிக்குக் கால் மணி நேரம் இருந்தது. பதினைந்து நிமிடம். நான் வாக்களித்த அதே பதினைந்து நிமிடம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஜசிந்தா தன் கீபோர்டின் முன் போய் உட்கார்ந்துவிட்டார். துஷானி வயலினை நாடிக்கடியில் வைத்தார். தம்பித்துரை அண்ணை என் காதருகே குனிந்தார்.

"நன்றியுரை இன்னும் கிடக்குது. கௌரவிப்பும் கிடக்குது."

"பிள்ளையள் வாசிக்க இருக்கினம், அண்ணை."

"வாசிக்காட்டி ஒருத்தரும் கோவிக்க மாட்டினம். நன்றி சொல்லாமல் விட்டா சனம் என்ன கதைக்கும்? மண்டபம் சோடிச்ச ஆக்கள் நாளைக்கு எங்கட முகத்தில முழிப்பினமோ? நீரே சொல்லும்."

நான் யோசித்தேன். நான் ஒரு நிதானமான மனிதன், இரு பக்கமும் எடை போட்டுப் பார்ப்பவன். கமலநாயகி வில்லைத் தந்தியில் வைத்துக்கொண்டு என்னையே பார்ப்பது தெரிந்தது. நன்றியுரைத் தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தேன்.

அந்த உரையை முந்தின நாளே எழுதியிருந்தேன். அதில் "எம் செவிகளைக் குளிர வைத்து இன்னிசை மழை பொழிந்த மூன்று சகோதரிகளுக்கும்" என்று ஒரு வரி இருந்தது. எழுதியதை மாற்றுவது எனக்குப் பழக்கமில்லை. மண்டபம் நீண்ட நேரம் கைதட்டியது. மூவருக்கும் பொன்னாடை போர்த்தினோம். கமலநாயகி எழும்பாததால் தம்பித்துரை அண்ணை அதைச் செல்லோவுக்கே போர்த்திவிட்டார். பிறகு எச்சரிக்கை மணி அடித்தது. அன்று மாலை அந்த மண்டபத்தில் ஒலித்த ஒரே வாத்தியம் அதுதான்.

சனம் வாகனத் தரிப்பிடத்தில் என்னைச் சூழ்ந்துகொண்டது. "உங்கட வாயால கேட்க ஆள் செத்தே போகலாம் அண்ணை" என்று ஒருவர் சொன்னார். அது எனக்குக் கிடைத்த விருதுகளில் ஒன்று.

நான்கு நாள் கழித்து ஃபிராவ் ஓவர்பெக் தொலைபேசியில் அழைத்தார். விழாவால் மிகவும் கவரப்பட்டதாகச் சொன்னார். மொழி புரியாவிட்டாலும், இத்தனை மனிதர்கள் மூன்று மணி நேரம் பேச்சைக் கேட்டு அழுததை அவர் எங்கும் கண்டதில்லை. விண்ணப்பத்தில் ஏதோ இசைக் குழு என்று இருந்தது. ஆனால் யாரும் வாசிக்கவில்லை. ஆகவே அது படிவம் நிரப்பியதில் நேர்ந்த பிழையாக இருக்க வேண்டும் என்று அறக்கட்டளை முடிவு செய்து, தானே திருத்திக்கொண்டது. வியாழக்கிழமை அறை எங்களுக்குக் கிடைத்திருக்கிறது: "தமிழ்ச் சொற்பொழிவு வட்டத்துக்கு."

அப்படி ஒரு வட்டம் எங்களிடம் இல்லை. செயற்குழு அன்று மாலையே கூடி அதைத் தோற்றுவித்து என்னைத் தலைவராக்கியது. அறையை ஜசிந்தாவின் குழுவுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமே என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். நான் அதைக் கொள்கை அடிப்படையில் எதிர்த்தேன். அனுமதி பேச்சுக்குத் தரப்பட்டது. அதில் இசை வாசிப்பது சட்டமீறல். நாம் வாழ்வது சட்டத்தை மதிக்கும் நாடு.

வீட்டுக்குப் போனபோது செல்லோ உறைக்குள் போய், உறை அலுமாரிக்குப் பின்னால் போயிருந்தது. கமலநாயகி மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார். செய்தியைச் சொன்னேன்.

"அவற்ற பாட்டை ஒருத்தரும் கேக்கேல்லை எண்டு நீங்கள் அழுதனீங்கள்" என்றார்.

"ஓம். உண்மையாத்தான் அழுதனான்."

"நாங்கள் உங்களுக்குப் பக்கத்திலதான் இருந்தனாங்கள்."

"அதுதான் உமக்கு நல்லா விளங்கியிருக்கும்" என்றேன். அவர் வெண்டிக்காயை வெட்டி முடித்தார். அதன் பிறகு கத்தரிக்காயையும் வெட்டினார். அன்றைக்குக் கத்தரிக்காய் சமைக்கிற நாள் இல்லை.

மாதக் கடைசியில் சலவை அறை சலவைக்கே திரும்பியது. துஷானி வயலினை ஹம்பேர்க்கில் இருக்கும் தங்கைக்குக் கொடுத்துவிட்டாராம். மூன்றாம் மாடிக்காரர் என்னை வழியில் கண்டு, இப்போதெல்லாம் மிகவும் அமைதியாக இருக்கிறது என்று நன்றி சொன்னார். ஒன்றியத்தின் சார்பில் ஏற்றுக்கொண்டேன்.

முதல் வியாழக்கிழமை வந்தது. முதல் சொற்பொழிவு என்னுடையது: "புலம்பெயர் மண்ணில் எம் பெண்களின் கலைப் பங்களிப்பு." தலைப்புக்கே கூட்டம் திரண்டுவிட்டது. டோர்ட்முண்டிலிருந்தும் வந்திருந்தார்கள். தேத்தண்ணி ஊற்ற ஆள் போதவில்லை என்று தம்பித்துரை அண்ணை கேட்டதால், வேலை முடிந்து நேராக ஜசிந்தா வந்திருந்தார். இப்படிக் கூப்பிட்டவுடன் வருபவர்களால்தான் எங்கள் சமூகம் நிமிர்ந்து நிற்கிறது.

கதிரை போட இடம் போதவில்லை. அறையின் நடுவில் அந்தப் பியானோ பெரிய கறுப்பு மாடுபோல நின்றது. ஜசிந்தா கோப்பைத் தட்டோடு அதன் பக்கத்தில் நின்று, மூடியிருந்த பலகையில் விரல்களை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தூசி தட்டுகிறார் என்று நினைத்தேன்.

"தங்கச்சி, இதைக் கொஞ்சம் சுவரோட தள்ள ஏலுமோ? நான் பேசேக்க ஆக்கள் தெரியாமல் தட்டிக் கிட்டி விட்டா, இடையில சத்தம் வந்திடும்."

ஜசிந்தா தட்டைக் கீழே வைத்தார்.

"தள்ளலாம் அண்ணை. நீங்கள் பயப்படாமல் பேசுங்கோ. உங்களுக்குப் பக்கத்தில இருந்து ஒருநாளும் சத்தம் வராது."